யாரும் கேட்காத வாத்தியம்

உயர்நிலை ஒன்றில் பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது, என்ன வாத்தியம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் விருப்பம் புல்லாங்குழல் என்று எழுதினேன். இரண்டாவது கிளாரினெட். மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே ‘பேஸ் கிளாரினெட்’ என்று இருந்தது. அப்படி ஒரு வாத்தியம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“நீ உயரம். விரல்களும் நீளம்,” என்றார் பயிற்றுநர். அவ்வளவுதான் காரணம்.

சாதாரண கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொள்ளலாம். பேஸ் கிளாரினெட்டைப் பெரும்பாலும் தரையில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். கறுப்பு மரக்குழாய், மேலே வளைந்த வெள்ளிக் கழுத்து, கீழே மேல்நோக்கித் திரும்பிய வெள்ளி வாய். பார்ப்பதற்குக் கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். ஒலி கிளாரினெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே. அதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டியில் ஏறினால், உள்ளே என்ன என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆனால் வாத்தியக் குழுவில் அதற்கு வேலை அதிகம் இல்லை. மற்றவர்கள் இராகம் வாசிக்கும்போது நான் டூபாவோடு சேர்ந்து நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லையென்றால் எண்ணிக்கொண்டிருப்பேன். இருபது பார் ஓய்வு, நான்கு பார் வாசிப்பு, மறுபடியும் ஓய்வு.

உயர்நிலை மூன்றில் பெற்றோருக்கான ஒரு நிகழ்ச்சியில் என் எண்ணிக்கை தவறிவிட்டது. உள்ளே வரவேண்டிய இடத்திலிருந்து எட்டு பார் தள்ளித்தான் வந்தேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குக்கூடத் தெரியவில்லை. திட்டு வாங்கியிருந்தால் மனம் ஆறியிருக்கும். நான் இல்லாமல் போனதே யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் வலித்தது. உயர்நிலை நான்கு முடிந்ததும் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொடக்கக் கல்லூரியில் வேறு இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்தேன்.

ரயிலில் கேட்ட குரல்

இப்போது பல்கலைக்கழகத்தில் கணினித்துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் ஒலியும் நிரலாக்கமும் பற்றிய ஒரு பாடம் எடுத்தேன். முதல் வகுப்பில் விரிவுரையாளர் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இசைக்கருவி வாசிப்பீர்களா என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்படியானால் எரிக் டால்ஃபியைக் கேட்டிருப்பீர்களே?” என்றார்.

கேட்டதில்லை. அன்று வீடு திரும்பும் ரயிலில் கேட்டேன். ‘காட் பிளெஸ் தி சைல்ட்’ என்ற பழைய ஜாஸ் பாடல். மேளம் இல்லை, பியானோ இல்லை. ஒரே ஒரு பேஸ் கிளாரினெட். அடியிலிருந்து மேலே பாய்ந்து, மேலிருந்து சட்டென்று கீழே விழுந்து, ஓர் ஆளே இரண்டு பேராகப் பேசிக்கொள்வது போல் இருந்தது. நான்கு ஆண்டுகள் மடியோடு அணைத்துக்கொண்டிருந்த அதே வாத்தியம் இது என்பதை நம்பவே முடியவில்லை. இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டேன்.

அந்த இரவு தொடங்கிய தேடல் இன்றுவரை முடியவில்லை. ஓர் இசைக்கருவி பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு எப்படி வந்தது என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பியது.

நூறாண்டுக்கும் மேல் பின்வரிசையில்

பேஸ் கிளாரினெட் புதிய கருவி அல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ரிஹ் கிரென்சர் 1793இல் ஒன்றைச் செய்தார். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் சாக்ஸ். பிற்காலத்தில் சாக்ஸஃபோனைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1838இல் தமது பேஸ் கிளாரினெட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

பெரிய இசையமைப்பாளர்கள் அதைப் பயன்படுத்தாமல் இல்லை. மேயர்பேர் 1836இல் ‘லே யூகனோ’ ஓப்பெராவில் அதற்கு ஒரு தனிப் பகுதி எழுதினார். சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலேயில் சர்க்கரைத் தேவதை ஆடும் இடத்தில், மணியோசை போன்ற செலஸ்டாவுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு இறங்கும் குரல் பேஸ் கிளாரினெட்தான். ஆனாலும் இவையெல்லாம் சில நொடிகள் வந்துபோகும் இடங்கள். மேடை நடுவில் நின்று ஒரு மாலை முழுவதும் வாசிக்க அதற்கென்று இசை இருக்கவில்லை.

1955இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ நகரில் யோசஃப் ஹோராக் என்பவர் பேஸ் கிளாரினெட்டை மட்டுமே முன்னிறுத்தி ஒரு கச்சேரி செய்தார். அந்தக் கருவிக்கு அதுவே முதல் தனிக்கச்சேரி என்று சொல்வார்கள். சாக்ஸ் காப்புரிமை பெற்று 117 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் எரிக் டால்ஃபி வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் 1928இல் பிறந்தவர். ஆல்டோ சாக்ஸஃபோன், புல்லாங்குழல், பேஸ் கிளாரினெட் மூன்றும் வாசிப்பார். ஜாஸில் பேஸ் கிளாரினெட் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிக்கும் ஒரு முழுமையான தனிக்குரலாக அதை ஆக்கியவர் அவர்தான். 1961 நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் ‘இந்தியா’ என்ற படைப்பை வாசித்தபோது, பக்கத்தில் பேஸ் கிளாரினெட்டோடு நின்றவர் டால்ஃபி. 1964 பிப்ரவரியில் ‘அவுட் டு லஞ்ச்’ இசைத்தொகுப்பைப் பதிவுசெய்தார். அதே ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, நீரிழிவு நோயால் பெர்லினில் காலமானார். 36 வயது நிறைந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

கேட்டுக் கேட்டு வாங்கியவர்

இந்தக் கதையில் என்னை அதிகம் பாதித்தவர் ஹாரி ஸ்பார்னாய். 1944இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டச்சுக்காரர். இளவயதில் ஜாஸ் சாக்ஸஃபோன் வாசித்தவர். ஆம்ஸ்டர்டாம் இசைப்பள்ளியில் கிளாரினெட் படித்து முடித்தபின் பேஸ் கிளாரினெட் பக்கம் முழுமையாகத் திரும்பினார். சமகால இசை வாசிப்பவர்களுக்கான அனைத்துலக கௌடியாமுஸ் போட்டியில், அந்த வாத்தியத்தை வாசித்து முதல் பரிசு பெற்ற முதல் ஆள் அவர்.

பரிசு கிடைத்தது சரி, அடுத்து எதை வாசிப்பது? பியானோக்காரருக்கு பெய்த்தோவன் இருக்கிறார், ஷோப்பான் இருக்கிறார். பேஸ் கிளாரினெட்டுக்கு யார் இருக்கிறார்? ஸ்பார்னாய் வாழும் இசையமைப்பாளர்களிடம் போனார். இந்த வாத்தியத்துக்கு எழுதித் தாருங்கள் என்றார். அவர் 2017இல் காலமானபோது, அவருக்கென்றே எழுதப்பட்ட படைப்புகள் 500ஐத் தாண்டியிருந்தன.

அவற்றில் ஒன்று பிரித்தானிய இசையமைப்பாளர் பிரையன் ஃபெர்னிஹோ எழுதிய ‘டைம் அண்ட் மோஷன் ஸ்டடி 1’. 1971இல் தொடங்கி 1977இல் முடித்தது. அதன் இசைத்தாளைப் பார்த்தால் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது போல் இருக்கும். ஒரு மனிதரால் வாசிக்க முடியுமா என்று சந்தேகம் வரும். கொரியாவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த யுன் இசாங் 1983இல் இந்த வாத்தியத்துக்கு எழுதிய ‘மோனோலாக்’ அதற்கு நேர்மாறு. ஒரு சுரம் பிறந்து, நெளிந்து, நடுங்கி, அடங்குவதைப் பொறுமையாகக் கேட்க வைக்கும். கமகத்தோடு வளர்ந்த நம் காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

ஸ்பார்னாய் வாசித்ததோடு நிற்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பேஸ் கிளாரினெட் கற்பித்தார். ஒன்பது பேஸ் கிளாரினெட்டுகள் கொண்ட ஒரு குழுவை உருவாக்கினார். தம் அனுபவத்தையெல்லாம் 2011இல் ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

நான் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, இதற்கென்று நல்ல இசை இல்லை என்று அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஸ்பார்னாயும் அங்கிருந்துதான் தொடங்கினார். அதற்காக அவர் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மின்னணு இசைக்கு ஏன் பிடித்தது?

கணினி மாணவனோ மாணவியோ கேட்கவேண்டிய கேள்வி இது. விடை அந்தக் குழாயின் அமைப்பில் இருக்கிறது.

கிளாரினெட் குடும்பத்தில் ரீட் எனப்படும் ஒற்றை நாணல் துண்டு அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. குழாய் நெடுகிலும் ஒரே அகலம். ரீட் இருக்கும் முனை மூடிய முனை போல் செயல்படுகிறது. அதனால் கீழ்ச்சுரங்களில் அடிப்படை அதிர்வின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி ஒலிக்கின்றன. கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களில் ஒருவித உள்ளீடற்ற, கிணற்றுக்குள் பேசுவது போன்ற தன்மை இருப்பதற்குக் காரணம் இதுவே.

பேஸ் கிளாரினெட்டில் அடிச்சுரமே மிகத் தாழ்வு. பெரிய வகையில் அது நொடிக்கு ஏறத்தாழ 58 அதிர்வுகள். அவ்வளவு கீழே தொடங்குவதால், அதன்மேல் அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்கள் நிறைய நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருக்கின்றன. உதட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினால் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். சில விரல் வைப்புகளில் இரண்டு மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் கேட்கும். நாக்கால் ரீட்டை இழுத்து விட்டால் ‘டொக்’ என்று மத்தளச் சொல் போல் ஒலிக்கும். ஊதாமல் சாவிகளை மட்டும் தட்டினால், ஒலிவாங்கியில் அது மழை விழுவது போல் கேட்கும். தேர்ந்தவர்கள் வாசிக்கும் எல்லை நான்கு ஸ்தாயிக்கும் மேல். கணினியில் ஒலியைப் பிரித்து, நீட்டி, அடுக்க விரும்புகிறவருக்கு இதைவிட வளமான மூலப்பொருள் வேண்டுமா?

இதை இசைக்கலைஞர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். மைல்ஸ் டேவிஸ் 1969இல் பதிவுசெய்த ‘பிட்சஸ் புரூ’ தொகுப்பில், மின் கிட்டார்களுக்கும் மின் பியானோக்களுக்கும் நடுவே பாம்பு போல் ஊர்ந்து வருவது பென்னி மாப்பினின் பேஸ் கிளாரினெட். ஸ்டீவ் ரைக் 1985இல் எழுதிய ‘நியூயார்க் கவுண்டர்பாயிண்ட்’ படைப்பில் வாசிப்பவர் பத்துப் பகுதிகளை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்து, பதினொன்றாவதை மேடையில் நேரடியாக வாசிக்கலாம். கிளாரினெட்டுகளும் பேஸ் கிளாரினெட்டுகளுமாக ஓர் ஆளே ஒரு கூட்டமாகிவிடுகிறார். டென்மார்க்கில் வாழும் வேய்ன் சீகல் 1995இல் பேஸ் கிளாரினெட்டும் கணினியும் சேர்ந்து வாசிக்க ‘ஜாக்டா’ என்ற படைப்பை எழுதினார். ஜாக்டா என்பது ஐரோப்பாவில் காணப்படும் சிறிய காக்கை. அதன் கரைதலையே கணினிவழி இசையாக்கியிருக்கிறார். நம் புளோக்குக்குக் கீழே கரையும் காக்கைகளை இப்போதெல்லாம் நான் சற்று மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

நம் வட்டாரத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் இவான் சிபோரின், ஸ்டீவ் ரைக்கோடு வாசித்த பேஸ் கிளாரினெட் கலைஞர். 1981இல் பாலித் தீவுக்குப் போய் கமெலான் இசை கற்றவர். 1993இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ‘கலாக் திக்கா’ என்ற கமெலான் குழுவைத் தொடங்கினார். அவருடைய தனி இசைத்தொகுப்பின் பெயரே ‘இது கிளாரினெட் அல்ல’ என்று பொருள்படும்.

என் முறை

பருவ இறுதித் திட்டப்பணிக்கு என்ன செய்வது என்று இனி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழக வாத்தியக் குழுவின் சேமிப்பறையில் ஒரு பேஸ் கிளாரினெட் தூசி படிந்து கிடந்தது. இரவல் கேட்டேன். யாருமே இதைக் கேட்டு வந்ததில்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் எழுதிய நிரல் எளியது. ஒலிவாங்கிவழி வருவதைக் கணினி எட்டு நொடிக்குப் பதிவுசெய்யும், பிறகு திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். நான் அதன்மேல் இன்னோர் அடுக்கை வாசிப்பேன். ஒவ்வோர் அடுக்கும் சுற்றுக்குச் சுற்று மங்கிக்கொண்டே போகும். நிரலில் சிக்கல் இல்லை. சிக்கல் என்னிடம்தான். இசைத்தாள் இல்லாமல் வாசிக்க வேண்டும்.

சிறுவயதில் வார இறுதியில் கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போனேன். கற்பனாஸ்வரம் பாடச் சொல்லும் நாள்களில், முதல் நாள் இரவே நான்கு வரி எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போய், அப்போதுதான் தோன்றியது போல் பாடுவேன். ஆசிரியருக்குத் தெரிந்துதான் இருக்கும். மனோதர்மம் என்றாலே எனக்குப் பயம்.

முதல் ஒத்திகையில் ரீட் ‘கீச்’ என்று கத்திவிட்டது. கணினி அதையும் விசுவாசமாகப் பதிவுசெய்து, எட்டு நொடிக்கு ஒருமுறை ‘கீச்’, ‘கீச்’ என்று திருப்பிச் சொன்னது. நிறுத்தப் போனேன். விரிவுரையாளர் கை காட்டித் தடுத்தார். “அழிக்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லுங்கள்,” என்றார். அடுத்த ‘கீச்’ வந்ததும் அடியில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தேன். அதற்கடுத்த ‘கீச்’ தவறாகத் தோன்றவில்லை. யாரோ கேட்ட கேள்வி போல் இருந்தது.

அன்று எனக்கு ஒன்று பிடிபட்டது. டால்ஃபி அங்கேயே கற்பனை செய்து வாசிப்பதும், ஃபெர்னிஹோவின் எறும்புப் புற்றை ஸ்பார்னாய் மாதக்கணக்கில் பயில்வதும் வெவ்வேறு உழைப்புகள். ஆனால் இரண்டிலும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் காது திறந்திருக்க வேண்டும்.

திட்டப்பணியைப் படைத்த நாளில் அறையில் இருபது நாற்காலிகள். அம்மாவுக்கு வேலை. பாட்டி வந்திருந்தார். பாட்டிக்குக் கிளாரினெட் புதிதல்ல. திருச்சிப் பக்கத்தில் வளர்ந்தவர். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று போற்றப்பட்ட ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பை வானொலியில் கேட்டவர். அந்தக் கிளாரினெட்டுக்கு இது பெரியண்ணன் என்று அவரிடம் சொல்லி அழைத்துவந்திருந்தேன்.

மூன்று நிமிடம் நன்றாகப் போனது. நான்காவது நிமிடத்தில் கை நின்றுவிட்டது. அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. அடுக்குகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. இன்னும் இரண்டு சுற்றில் அறை முழு அமைதியாகிவிடும். நிமிர்ந்து பார்த்தேன். இருபது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் எட்டு பார் காணாமல் போனது நினைவுக்கு வந்தது. கடைசி அடுக்கு கிட்டத்தட்ட மறைந்தபோது, வாத்தியத்தின் அடிச்சுரத்தை மூச்சு தீரும்வரை வாசித்தேன். அது திரும்பி வந்தபோது அதன்மேல் இன்னொன்று. பிறகு நிற்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “யானை பெருமூச்சு விடுற மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ஏன் கண்ணு நிறுத்திட்ட?” என்றார்.

நான் நிறுத்தியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது போதும் எனக்கு.

உங்கள் பள்ளி வாத்தியக் குழுவிலும் பின்வரிசையில் இந்தக் கறுப்புக் குழாயோடு யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும். அது நீங்களாகவே இருந்தால், முதலில் டால்ஃபியைக் கேளுங்கள், அடுத்து யுன் இசாங்கை. பிறகு தைரியம் இருந்தால் ஃபெர்னிஹோ.

நானும் ஸ்பார்னாய் செய்ததைச் செய்து பார்த்தேன். இசையமைப்புப் படிக்கும் ஒரு தோழியிடம், பேஸ் கிளாரினெட்டுக்கு ஐந்து நிமிடப் படைப்பு ஒன்று எழுதித் தருவாயா என்று கேட்டேன். “அது என்னவெல்லாம் செய்யும்?” என்றாள். சனிக்கிழமை வாத்தியத்தோடு அவள் வீட்டுக்குப் போகிறேன்.